வாசகர் கேள்வி – பதில்: ஆன் ஆர்பரில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது எப்படி?

மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிக்கும் வேலைக்கும் கிளம்பும் குடும்பங்களிடமிருந்து, அது இருக்கும் ஆன் ஆர்பர் ஊரின் அரசுப் பள்ளிகள் பற்றி ஏகப்பட்ட கேள்விகள் வந்து சேர்ந்துவிட்டன. இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். பதிலில் வரும் சட்ட விதிகள் சில மிச்சிகன் மாநிலத்துக்கே உரியவை. வேறு மாநிலத்துக்குப் போகிறவர்கள் நாள் கணக்குகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணவருக்கு ஆன் ஆர்பரில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி) வேலை, ஜே-1 விசா. ஆகஸ்டில் போகிறோம். மகளுக்கு 6 வயது. மகனுக்கு அக்டோபரில்தான் 5 முடிகிறது. கட்டணம் எவ்வளவு? எந்தப் பள்ளி நல்ல பள்ளி? – வாசகி, கோவை

கட்டணம் கிடையாது. ஜே-2, எஃப்-2, ஹெச்-4 என எந்தச் சார்பு விசாவில் வந்த பிள்ளைக்கும் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளி இலவசம். பள்ளி அலுவலகம் விசாவைப் பார்த்து இடம் கொடுப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. 1982ஆம் ஆண்டின் 'பிளைலர் எதிர் டோ' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை முடித்து வைத்துவிட்டது. சோஷியல் செக்யூரிட்டி எண் இன்னும் வரவில்லை என்று சேர்க்கையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். அது கட்டாயமில்லை.

'எந்தப் பள்ளி' என்ற கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். பள்ளியைத் தேர்ந்தெடுத்து வீடு பார்ப்பதா, வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளிக்குப் போவதா என்பதுதான் அங்கே கேள்வி. தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி மூன்றையும் வீட்டு முகவரியே முடிவு செய்கிறது. பக்கத்துப் பக்கத்துக் குடியிருப்புகள் வேறு வேறு பள்ளிக்குப் போகலாம். லீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, கதவு எண்ணோடு முழு முகவரியைப் பள்ளி மாவட்டத்தின் (அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தின்) இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். வீட்டு புரோக்கர் சொல்வதை நம்ப வேண்டாம். ஆன் ஆர்பர் என்று தபால் முகவரி இருக்கும் வீடுகளெல்லாம் ஆன் ஆர்பர் பள்ளி மாவட்டத்துக்குள் வருவதில்லை. ஊரின் ஓரங்களில் இருக்கும் சில வீடுகள் அடுத்த மாவட்டத்தைச் சேர்ந்தவை. சாவி வாங்கிய பிறகு இது தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

முகவரிக் கட்டுப்பாடு இல்லாதவை சில உண்டு. ஆன் ஆர்பர் ஓப்பன் என்ற 8ஆம் வகுப்பு வரையிலான பள்ளியும், 1972இல் தொடங்கிய கம்யூனிட்டி உயர்நிலைப் பள்ளியும் குலுக்கல் முறையில் பிள்ளைகளை எடுக்கின்றன. மதிப்பெண், சிபாரிசு எதுவும் எடுபடாது. குலுக்கல் முந்தைய கல்வியாண்டிலேயே நடந்துவிடும் என்பதால் ஆகஸ்டில் இறங்குகிறவர்கள் அந்த ஆண்டுக்கு அதை மறந்துவிடலாம்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், பெற்றோரின் அடையாள அட்டை, முகவரிச் சான்றுகள், தடுப்பூசிப் பதிவு. பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கிலப் பிரதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். முகவரிக்குக் கையெழுத்தான லீஸ்தான் முதன்மை. மின் கட்டண ரசீது, வங்கிக் கடிதம் போன்றவை கூடுதல் சான்று. தெரிந்தவர் வீட்டில் தங்கி வீடு தேடுகிறவர்கள், வீட்டுக்காரர் நோட்டரி முன்னால் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழியோடு சேர்க்கலாம். டி.சி. யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் 9ஆம் வகுப்புக்கு மேல் என்றால் மதிப்பெண் பட்டியலும் பாடத்திட்டச் சுருக்கமும் அவசியம். அதை வைத்துத்தான் பள்ளியின் கவுன்சிலர் (பாட ஆலோசகர்) கிரெடிட் (முடித்த பாடத்துக்கான மதிப்பலகு) போடுவார்.

இங்கே எந்த வகுப்பு முடித்தாள் என்பதை அங்கே பெரிதாகப் பார்ப்பதில்லை, வயதைப் பார்த்து உட்கார வைப்பார்கள். மகள் 1ஆம் வகுப்பு. மகன் விஷயத்தில் மட்டும் நீங்கள் முடிவெடுக்க வேண்டும். மிச்சிகனில் செப்டம்பர் 1க்குள் 5 வயது முடிந்தால் கிண்டர்கார்டன். செப்டம்பர் 2 முதல் டிசம்பர் 1 வரை பிறந்தவர்களைப் பெற்றோர் எழுத்து மூலம் தெரிவித்துச் சேர்க்கலாம். 'இன்னும் ஒரு வருடம் பொறுங்கள்' என்று பள்ளி ஆலோசனை சொல்லலாம், ஆனால் இறுதி முடிவு உங்களுடையது. எழுதிக் கொடுக்கக் கெடு தேதி உண்டு. ஆகஸ்ட் வரை காத்திருக்காமல் இப்போதே மாவட்ட அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள்.

தடுப்பூசி எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தவறாமல் போட்டிருக்கிறோம். அட்டையும் இருக்கிறது. போதும்தானே? – வாசகர், திருவண்ணாமலை

போதாது. சேர்க்கையில் நம் குடும்பங்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். நம் அட்டவணை தவறானதல்ல. இரண்டு நாட்டு அட்டவணைகளும் வேறு கணக்கில் ஓடுகின்றன, அவ்வளவுதான். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அரசுத் திட்டத்தில் 9 மாதத்திலும் 16–24 மாதத்திலும் போடுவது எம்.ஆர். தட்டம்மையும் ருபெல்லாவும் மட்டும் அதில் இருக்கிறது, பொன்னுக்கு வீங்கி இல்லை. அங்கே கேட்பது அந்த மூன்றும் சேர்ந்த எம்.எம்.ஆர்., இரண்டு தவணை, இரண்டுமே முதல் பிறந்தநாளுக்குப் பிறகு, குறைந்தது 28 நாள் இடைவெளியில். ஆக அரசு அட்டை மட்டும் உள்ள பிள்ளைக்கு எம்.எம்.ஆர். இரண்டு தவணையும் போட வேண்டிவரும். தனியார் மருத்துவமனையில் 9 மாதம், 15 மாதம், 4–6 வயது என மூன்று முறை எம்.எம்.ஆர். போட்டவர்களுக்கு முதல் ஊசி மட்டும் கணக்கில் வராது. மற்ற இரண்டும் போதும்.

ஹெபடைட்டிஸ் பி நமக்குப் பிறந்தவுடன், பிறகு ஐந்து மருந்து கலந்த பென்டாவேலன்ட்டோடு 6, 10, 14 வாரங்களில். நான்கு ஊசி போட்டும் அங்கே 'முழுமையில்லை' என்று வரும். கடைசித் தவணை குழந்தைக்கு 24 வாரம் ஆன பிறகு போட்டிருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. இன்னும் ஒன்று போட்டால் சரியாகிவிடும்.

போலியோ சொட்டு மருந்து 2016 ஏப்ரல் 1 முதல் கொடுத்தது எதுவும் அமெரிக்காவில் எண்ணப்படாது. அன்றிலிருந்து சொட்டு மருந்தில் மூன்று வகை வைரஸில் இரண்டுக்கு மட்டுமே பாதுகாப்பு இருப்பதுதான் காரணம். எனவே ஊசி வடிவ போலியோ மருந்து தேவைப்படும். அதில் கடைசித் தவணை 4 வயதுக்குப் பிறகு, முந்தையதிலிருந்து 6 மாதம் தள்ளி.

சின்னம்மை தடுப்பூசி அரசு அட்டவணையில் இல்லை. அங்கே இரண்டு தவணை கட்டாயம். முத்தடுப்பு ஊசியை 5 வயது பூஸ்டர் வரை போட்டிருந்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. காசநோய்க்கான பி.சி.ஜி.யை யாரும் கேட்பதில்லை. 7ஆம் வகுப்பில் நுழையும் பிள்ளைக்குக் கூடுதலாக டிடாப் (ரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமலுக்கானது), மெனிஞ்சோகாக்கல் (மூளை உறைக் காய்ச்சலுக்கானது) என இரண்டு ஊசி. இங்கே 10 வயதில் போடும் டி.டி. டிடாப்புக்கு ஈடாகாது, அதில் கக்குவான் இருமலுக்கான மருந்து இல்லை.

எம்.எம்.ஆர்., சின்னம்மை இரண்டும் உயிருள்ள கிருமி வகை. ஒரே நாளில் இரண்டையும் போடலாம். தனித்தனி நாளில் போட்டால் நடுவில் 28 நாள் இருந்தே ஆக வேண்டும். 20 நாளில் போட்டால் இரண்டாவது ஊசி செல்லாது, மறுபடி குத்த வேண்டும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே குழந்தை மருத்துவரைப் பார்க்கச் சொல்வது இந்த இடைவெளிக் கணக்குக்காகத்தான். ஊரிலேயே முடித்துக்கொள்வது செலவுக்கும் நல்லது. ஜே-1 காப்பீடுகள் பல, தடுப்பூசிச் செலவைத் தருவதில்லை. அங்கே போய்ப் போட நேர்ந்தால் தனியார் கிளினிக்குக்கு ஓடாமல், ஆன் ஆர்பர் இருக்கும் வாஷ்டெனா கவுன்ட்டியின் சுகாதாரத் துறையைக் கேளுங்கள். காப்பீடு இல்லாத, அல்லது காப்பீட்டில் தடுப்பூசி அடங்காத பிள்ளைகளுக்கான கூட்டாட்சித் திட்டத்தில் மருந்து இலவசம். ஊசி போடும் கட்டணம் மட்டும் கொஞ்சம் வரலாம்.

இன்னொன்று, அட்டையில் தேதி எழுதும் முறை. 04/05/2021 என்பது நமக்கு மே 4, அவர்களுக்கு ஏப்ரல் 5. இந்த ஒரு மாத வித்தியாசத்தில் சரியான ஊசியே செல்லாத ஊசியாகிவிடும். மாதத்தை எழுத்தில் எழுதி, 'பென்டாவேலன்ட்' என்று விட்டுவிடாமல் அதில் உள்ள ஐந்து மருந்துகளின் பெயரையும் போட்டு, லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் ஒரு பதிவு மருத்துவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே மருத்துவரோ சுகாதாரத் துறையோ அதை மாநிலத் தடுப்பூசிப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் பள்ளி அலுவலகம் அதிலேயே பார்த்துக்கொள்ளும். முதல் தவணை போட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும் பிள்ளையைத் தற்காலிகமாக வகுப்பில் அனுமதிப்பார்கள்.

சேர்க்கைப் படிவத்தில் 'வீட்டில் என்ன மொழி' என்று கேட்கிறார்கள். தமிழ் என்று எழுதினால் குழந்தையைத் தனி வகுப்பில் போட்டு ஒதுக்கிவிடுவார்களாம், இங்கிலீஷ் என்றே எழுதுங்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். பேராசிரியர் பிள்ளைகள் படிக்கும் இடம், என் பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது. – வாசகி, மதுரை

உள்ளதை எழுதுங்கள். தமிழ் என்று எழுதினால் நடப்பது இதுதான்: விடா என்ற அமைப்பின் சிறு தேர்வு ஒன்றை வைத்து, கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நான்கிலும் ஆங்கிலம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். உதவி தேவை என்றால் கல்வியாண்டு தொடங்கி 30 நாளுக்குள் உங்களுக்குக் கடிதம் வரும். நடுவில் சேர்ந்தால் இரண்டு வாரத்துக்குள். நாள் முழுவதும் வேறு வகுப்பில் அடைத்து வைப்பதில்லை. வழக்கமான வகுப்பிலேயே இருந்துகொண்டு ஆங்கில உதவி ஆசிரியரோடு சிறிது நேரம். வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. மறுத்தாலும் ஆண்டுதோறும் நடக்கும் தேர்வை மட்டும் எழுதியாக வேண்டும். அதில் 6க்கு 4.8 எடுத்தால் மிச்சிகனில் ஆங்கில உதவி தேவைப்படுவோர் பட்டியலிலிருந்து வெளியே வரலாம்.

இங்கிலீஷ் என்று எழுதினால் நஷ்டம் உங்களுக்குத்தான். நாலு மாதம் கழித்துப் பிள்ளை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், 'வீட்டில் ஆங்கிலம்தானே, அப்போது வேறு ஏதோ கோளாறு' என்று ஆசிரியர் யோசிக்கத் தொடங்குவார்.

பேராசிரியர் பிள்ளைகள் பற்றிய உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. படித்தவர்கள் நிறைந்த ஊர்ப் பள்ளி எல்லாப் பிள்ளைகளையும் தானாகத் தூக்கிவிடும் என்பது உண்மையல்ல. இதற்கு ஆன் ஆர்பரே சாட்சி. அங்குள்ள மார்ட்டின் லூதர் கிங் தொடக்கப் பள்ளிக்கு வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு, கிரீன் ரோடில் இருந்த குறைந்த வருமானக் குடியிருப்பின் கறுப்பினப் பிள்ளைகளும் போனார்கள். அவர்கள் வீட்டில் பேசிய ஆங்கிலம் வேறு. ஆசிரியர்கள் அதைக் குறைபாடாக எடுத்துக்கொண்டு சிலரைக் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் என்று வகைப்படுத்தினார்கள். தாய்மார்கள் 1977இல் வழக்குப் போட்டார்கள். மொழியியலாளர் ஜெனீவா ஸ்மித்தர்மன் சாட்சியம் சொல்ல, 1979 ஜூலையில் நீதிபதி சார்ல்ஸ் ஜாய்னர், பிள்ளைகளின் வீட்டு மொழியைக் கணக்கில் எடுக்காமல் படிக்கக் கற்றுக்கொடுத்தது 1974ஆம் ஆண்டின் சம கல்வி வாய்ப்புச் சட்டத்தை மீறுவது என்று தீர்ப்பளித்தார். இதைச் சரிசெய்ய 30 நாளில் திட்டம் தரும்படி பள்ளி மாவட்டத்துக்கு உத்தரவிட்டார். ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் நடந்தது. பிள்ளைகள் மாற வேண்டும் என்று தீர்ப்பில் இல்லை, பள்ளிதான் மாற வேண்டியிருந்தது.

ஊர் சராசரி மதிப்பெண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். ஸ்டான்ஃபோர்டின் ஷான் ரியர்டன் குழு 2016இல் நாடு முழுக்க ஒப்பிட்டபோதும் பெர்க்கிலி, சாப்பல் ஹில், எவன்ஸ்டன் போன்ற பல்கலைக்கழக ஊர்களில் வெள்ளை, கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடையிலான இடைவெளி மிகப் பெரிதாக இருந்தது. சராசரியைத் தூக்குவது பெற்றோரின் படிப்பும் வருமானமும். உங்கள் பிள்ளைக்கு உதவி வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும்.

மகன் 2ஆம் வகுப்பு. படிப்பதில் மிகவும் சிரமப்படுகிறான். ஆசிரியை 'பொறுத்துப் பார்ப்போம்' என்றே ஒரு வருடமாகச் சொல்கிறார். – வாசகி, ஆன் ஆர்பர்

வாயால் கேட்டதை விட்டுவிட்டு எழுத்தில் கேளுங்கள். தலைமை ஆசிரியருக்கு மின்னஞ்சல், நகல் சிறப்புக் கல்விப் பிரிவுக்கு. மூன்று வரி போதும்: என் மகன் இன்னார், இந்த வகுப்பு, படித்தலில் இன்னின்ன சிரமம், சிறப்புக் கல்விக்கான முழு மதிப்பீடு செய்யும்படி கேட்கிறேன். 'மதிப்பீடு' என்ற சொல்லும் தேதியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

அந்தக் கடிதம் கிடைத்த 10 பள்ளி நாட்களுக்குள் அவர்கள் எழுத்தில் பதில் சொல்லி உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். நீங்கள் கையெழுத்திட்ட நாளிலிருந்து 30 பள்ளி நாட்களுக்குள் மதிப்பீட்டை முடித்து முடிவு சொல்ல வேண்டும். பள்ளி நாட்கள் என்பதால் கோடை விடுமுறை கணக்கில் வராது. மே கடைசியில் எழுதினால் செப்டம்பர், அக்டோபர் ஆகிவிடும். 'முதலில் வகுப்பிலேயே கூடுதல் பயிற்சி கொடுத்துப் பார்க்கிறோம்' என்று சொல்லி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று கூட்டாட்சிக் கல்வித் துறை 2011இலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. பயிற்சியும் மதிப்பீடும் ஒரே சமயத்தில் நடக்கலாம்.

மதிப்பீட்டு முடிவைப் பேச உங்களை அழைக்கும் கூட்டத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டிச் சொல்லுங்கள், செலவு அவர்களுடையது. அவர்கள் முடிவை ஏற்க முடியாவிட்டால் வெளி நிபுணரிடம் மதிப்பீடு கேட்கலாம். அதை மாவட்டம் தன் செலவில் செய்து தர வேண்டும், அல்லது தன் மதிப்பீடு சரி என்று நிரூபிக்க விசாரணைக்குப் போக வேண்டும். கூட்டத்தில் நீட்டும் ஐ.இ.பி. (பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம்) படிவத்தில் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள்.

அக்கா மகன் இந்தியாவில் 8ஆம் வகுப்பு. எங்களோடு வைத்துக்கொண்டு ஆன் ஆர்பரில் படிக்க வைக்கலாமா? – வாசகர், ஆன் ஆர்பர்

முடியாது. சுற்றுலா விசாவில் வந்து பள்ளியில் படிப்பது விசா மீறல். பள்ளி கேட்காமல் சேர்த்துக்கொண்டாலும் பின்னாளில் தூதரகத்தில் அது பையனுக்கு எதிராக நிற்கும். எஃப்-1 மாணவர் விசாவில் அரசுப் பள்ளியில் 8ஆம் வகுப்பு வரை அனுமதியே இல்லை. 9 முதல் 12 வரை மொத்தம் 12 மாதம் மட்டும், அதற்கும் ஒரு மாணவருக்கு மாவட்டம் செய்யும் முழுச் செலவையும் முன்பணமாகக் கட்ட வேண்டும்.

நவராத்திரிக்கு ஊருக்கு வர டிக்கெட் போட்டோம். அக்டோபர் முதல் வாரம் வேண்டாம் என்று பள்ளியில் சொல்கிறார்கள். ஒரு வாரத்தில் என்ன வந்துவிடும்? – வாசகி, ஆன் ஆர்பர்

பணம் வரும், அல்லது போகும். அக்டோபர் முதல் புதன்கிழமை மிச்சிகனில் தலை எண்ணும் நாள். அன்று இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு 90 சதவீதம், பிப்ரவரியில் எண்ணுவதற்கு 10 சதவீதம் எடை கொடுத்து மாநிலம் பணம் தருகிறது. ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய 10,000 டாலர். போயே ஆக வேண்டுமென்றால் முன்கூட்டி எழுத்தில் விடுப்புச் சொல்லுங்கள். அனுமதி பெற்ற விடுப்பென்றால் 30 நாளுக்குள் திரும்பினாலும் கணக்கில் சேரும். சொல்லாமல் போனால் 10 பள்ளி நாட்களுக்குள் வர வேண்டும்.

பணக்கார ஊர், 10,000 டாலருக்கு ஏன் இந்தப் பாடு என்று தோன்றும். 1994இல் 'புரபோசல் ஏ' என்ற வாக்கெடுப்பில் மிச்சிகன் விற்பனை வரியை 4லிருந்து 6 சதவீதமாக்கி, பள்ளிகளின் அன்றாடச் செலவைச் சொத்து வரியிலிருந்து பெரும்பாலும் மாநிலத்தின் கைக்கு மாற்றிவிட்டது. அதன்பிறகு ஊர் மக்கள் விரும்பினாலும் ஆசிரியர் சம்பளத்துக்கென்று தாராளமாக வரி போட்டுக்கொள்ள முடியாது. கட்டடத்துக்குப் போடலாம். அதனால்தான் 2019 நவம்பரில் 100 கோடி டாலர் கட்டடக் கடன் பத்திரத்துக்கு ஆன் ஆர்பர் வாக்களித்ததும், அதே மாவட்டம் 2024இல் சுமார் 2.5 கோடி டாலர் செலவைக் குறைக்க ஆட்களைக் குறைத்ததும். அந்தப் பத்திரப் பணத்தில் ஓர் ஆசிரியருக்குக்கூட மாதச் சம்பளம் கொடுக்கச் சட்டம் இடம் தராது. மாணவர் எண்ணிக்கை குறைந்தால் நேராக வகுப்பறையில் அடி விழும்.

மகள் 9ஆம் வகுப்பில் சேரப் போகிறாள். அல்ஜீப்ரா எல்லாம் இங்கேயே படித்துவிட்டாள். மறுபடி அதையே உட்கார்ந்து படிக்க வேண்டுமா? தமிழுக்கு ஏதாவது மதிப்பு உண்டா? – வாசகர், சென்னை

வேண்டாம். மிச்சிகன் சட்டப்படி ஒரு பாடத்தின் இறுதித் தேர்வில் சி பிளஸ் எடுத்தால் வகுப்பில் உட்காராமலே கிரெடிட் கிடைக்கும். பள்ளிப் படிப்பை முடிக்கத் தேவையான கிரெடிட் கணக்கில் அது சேரும், சராசரி மதிப்பெண்ணில் சேராது. ஒரு பாடத்தை இப்படித் தாண்டிவிட்டால் அதற்குக் கீழுள்ள பாடத்தை எடுத்துக் கிரெடிட் வாங்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். விண்ணப்பிக்கத் தனித் தேதி உண்டு. கவுன்சிலரிடம் வந்த வாரமே கேட்க வேண்டும். நம் பிள்ளைகள் கணக்கில் தேறி, கேள்வியின் ஆங்கிலத்தில் தடுக்குகிறார்கள். ஜியோமெட்ரியில் ஒவ்வொரு படிக்கும் காரணம் எழுதும் நிரூபண முறை நம் பாடத்தில் வருவதைவிட அங்கே அதிகம். அதை மட்டும் இரண்டு வாரம் பார்த்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

மேலே போகப் பாடம் தீர்ந்துவிட்டால் வாஷ்டெனா கம்யூனிட்டி காலேஜிலோ பல்கலைக்கழகத்திலோ உயர்நிலைப் பள்ளியில் இருந்துகொண்டே பாடம் எடுக்கலாம். மாநில விதிப்படி மொத்தம் 10 பாடம் வரை. கட்டணத்தை மாவட்டம் ஒரு வரம்பு வரை தரும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கட்டணம் அதிகம், வரம்பைத் தாண்டும் தொகை உங்கள் தலையில் விழும். கம்யூனிட்டி காலேஜில் அந்தத் தொல்லை குறைவு.

தமிழுக்கு மதிப்பு உண்டு. பள்ளி முடிக்க இரண்டு கிரெடிட் பிற மொழி வேண்டும். வீட்டில் கற்ற மொழித் திறனையும் அதற்கு ஈடாக ஏற்கலாம். ஸ்டாம்ப் என்ற தேர்வில் தமிழ் இருக்கிறது. எழுதுதல், பேசுதல் இரண்டும் உண்டு என்பதால் பேச மட்டும் தெரிந்தால் போதாது, சரளமாக எழுதவும் வேண்டும். விசைப்பலகையில் தமிழ் தட்டச்சு இப்போதே பழகட்டும். இதே மதிப்பெண்ணை வைத்து, இரண்டு மொழியில் தேர்ச்சி உண்டு என்று பள்ளி முடிக்கும்போது தரும் இருமொழித் திறன் முத்திரைக்கும் விண்ணப்பிக்கலாம். எந்த மதிப்பெண்ணுக்கு எத்தனை கிரெடிட் என்பதைத் தேர்வுக்குப் பணம் கட்டும் முன் கவுன்சிலரிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சிலர்கள் மாறுவார்கள், மின்னஞ்சல் இருக்கும்.